கௌசி ஏழாம் வகுப்பு படித்த இடம்

1

சமையலறை மேசையில் மூன்று நாளாக ஒரு தாள் கிடக்கிறது. என் மகன் ஆதவனின் பள்ளியிலிருந்து வந்த தாள். மூன்று கட்டங்களில் ஏதாவது ஒன்றில் டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும். அரை நிமிடச் சோலி. காலையில் காப்பி குடிக்கும்போது பேனாவை எடுக்கிறேன், மூடியைக் கழற்றுகிறேன், திரும்ப மூடி வைத்துவிட்டு பஸ்சுக்கு ஓடுகிறேன்.

"ஏங்க, அதுல கையெழுத்துப் போட நல்ல நாள் பாக்குறீகளா?" என்று மீனா கேட்கிறாள். மீனா என் மனைவி, எங்கள் பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரி. அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். வீட்டில் யாராவது ஒருவர் சாதாரணமாக இருக்க வேண்டும் அல்லவா?

நாங்கள் இருப்பது தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். பல்சக்கரம் செய்யும் ஆலை ஒன்றில் நான் வரைபடம் போடுகிறேன். இங்கே நாலாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். ஒரு பள்ளிக்குப் போனால் நேரே பல்கலைக்கழகம். இன்னொன்றுக்குப் போனால் அலுவலக வேலை, மூன்றாவதற்குப் போனால் கைத்தொழில். பிறகு மாறிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள், மாறியவர்களை எனக்குத் தெரியாது. பத்து வயசுப் பயலுக்கு எது என்று பெற்றோர் தங்கள் விருப்பத்தைக் குறிக்கத்தான் அந்த மூன்று கட்டங்கள்.

எந்தப் பாரத்தைப் பார்த்தாலும் எனக்கு இப்போது பேனா ஓடுவதில்லை. போன வருடம் வரை அப்படி இல்லை. தேனி மாவட்டத்தில் என் சொந்த ஊரான சிலமலையில் எங்கள் தெருவில் யாருக்கு என்ன பாரம் வந்தாலும் போட்டோ எடுத்து எனக்குத்தான் அனுப்புவார்கள். "அண்ணே, இதுல என்ன கேக்குறான்?" என்று கேட்பார்கள். நானும் பெரிய துரை மாதிரி இங்கிருந்து நிரப்பிக் கொடுப்பேன். அந்தத் திமிரில்தான் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தேன். அதை இங்கே எழுதுகிறேன். என் தங்கச்சி பாண்டியம்மாள் இதைப் படித்தாலும் சரி, யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினாலும் சரி. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2

கௌசல்யா பாண்டியின் ஒரே மகள். கௌசி என்போம். நான் தாய்மாமன்.

எங்கள் பக்கத்தில் மேற்கே பார்த்தால் மலை. அதற்கு நாங்கள் பேர் சொல்ல மாட்டோம். "மேல" என்போம், அவ்வளவுதான். "அண்ணன் எங்க?" "மேல போயிருக்கு." "காய் எப்ப எறங்கும்?" "மேல மழ, ரெண்டு நாளாகும்." ஏலக்காயைக்கூடக் காய் என்றுதான் சொல்வோம், வேறு காய் உலகத்தில் இல்லாத மாதிரி. விடியக்காலையில் ஜீப்பு ஆட்களை அள்ளிக்கொண்டு அடிவாரத்து முந்தலைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டில் ஒரு டீக்கு நிற்கும். அங்கே ஒரு கம்பு குறுக்கே கிடக்கும். போலீஸ்காரர் எட்டிப் பார்ப்பார். அதற்கு அந்தப் பக்கம் கேரளா. தோட்டங்களில் முக்கால்வாசி அந்தப் பக்கம்தான். ஆனால் "கேரளா போறேன்" என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேரளா என்றால் எங்களுக்குக் கடல், படகு, தூரத்தில் ஏதோ ஒன்று. மலை எங்களுடைய மேல.

நான் பிளஸ் டூ முடித்துக் காலேஜுக்கு மதுரைப் பக்கம் போன வருடம் பாண்டி எட்டாவது முடித்தாள். என்னைவிட அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கீழே படிக்கப் போனேன், அவள் மேலே வேலைக்குப் போனாள். அதே ஜூன் மாதம்.

ஆறு வருடம் முன்னால் அவள் புருஷன் லாரியில் அடிபட்டு இறந்தார். நான் சாவுக்குப் போகவில்லை. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புது அட்டை வராமல், பாஸ்போர்ட் ஒரு அலுவலக மேசையில் கிடந்தது. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது என்றார்கள். "மச்சினன் செத்துட்டாரு" என்பதை ஜெர்மனில் சரியாகச் சொல்லத் தெரியாமல், "என் தங்கையின் மனிதன் போய்விட்டான்" என்று சொல்லிவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள், "அது குடும்ப விவகாரம், நாங்கள் தலையிட முடியாது" என்றார். விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வருடம் பாண்டிக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. கௌசியையும் கூட்டிக்கொண்டு மேலே போய் தோட்டத்து லயத்திலேயே, கூலி ஆட்களின் வரிசை வீட்டில், தங்கினாள். கௌசி அங்கே இருந்த அரசுப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்தாள். தமிழில் பாடம் நடக்கும் வகுப்பு உண்டு. சுற்றிலும் நம் ஊர்ப் பிள்ளைகள். ஒரே வருடம். எட்டாவதுக்குக் கீழே வந்துவிட்டார்கள்.

அங்கேதான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. லயத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் ஒரு பகல் முழுக்க மழையில் கிடந்து கத்தியிருக்கிறது. மாட்டு டாக்டர் ஏறி வரவில்லை. பசுவின் தலையைக் கௌசிதான் மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சாயந்தரம் செத்துப்போனது. "மாமா, நான் மாட்டு டாக்டராகி மேலயே இருக்கப் போறேன்" என்று அந்த வாரம் என்னிடம் போனில் சொன்னாள். பன்னிரண்டு வயதில் சொன்னது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னாள்.

3

இங்கே வந்த புதிதில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "என் மகள் இந்த வருடம் கிம்னாசியும் போகிறாள்" என்று பெருமையாகச் சொன்னார். உடற்பயிற்சிக் கூடம் என்று நினைத்துக்கொண்டு, "நல்லது, என் மகனும் ரொம்பக் குண்டு, அவனையும் அனுப்ப வேண்டும்" என்றேன். பல்கலைக்கழகத்துக்குப் போகும் பள்ளிக்கு அதுதான் பேர் என்று பிறகு தெரிந்தது. ஆலை முழுக்கச் சிரித்தார்கள். இன்னொரு சொல் இருக்கிறது, ஹோக்ஷூலே. உயர்ந்த பள்ளி, அதாவது மேல் பள்ளி. காலேஜை அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆதவனுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் அரைகுறைதான். கௌசி அக்கா என்ன படிக்கப் போகிறாள் என்று அவன் கேட்டபோது, "மேல் படிப்பு, ஹோக்ஷூலே" என்று சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவனுக்கு மேல என்றால் ஹோக்ஷூலே. வீடியோவில் கௌசியைப் பார்த்தால், "அக்கா, மேல போறியா?" என்பான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "டேய் மாப்ள, நான் மேல போறதில்லடா இனிமே, எங்கம்மாதான் போகும்" என்பாள். அவனுக்கு ஒன்றும் புரியாது.

மாட்டு டாக்டர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே மத்தியானம், அங்கே சாயந்தரம். நான் கணினியில், அவர்கள் மூன்று பேர் போனுக்குள். கௌசி, பாண்டி, பின்னால் ஒரு பூனை.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அது மட்டும் இல்லையென்றால் கௌசி மாதிரிப் பிள்ளைகள் அந்தக் காலேஜின் கேட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவரா என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை. இரண்டு கட்டம்.

"ஏத்தா கௌசி, எல்லாம் கவருமென்டு ஸ்கூலுதானே?"

"ஆமா மாமா. ஏழாவது மட்டும் மேல."

"அதுவும் கவருமென்டுதானே?"

"கவருமென்டுதான் மாமா. சத்துணவுகூடப் போட்டாக."

ஆம் என்று அழுத்தினேன்.

ஒவ்வொரு வகுப்புக்கும் பள்ளியின் பேர், ஊர், மாவட்டம் கேட்டது. ஏழாவதுக்குத் தோட்டத்து ஊரின் பேரை அடித்தேன். மாவட்டத்துக்குத் தட்டினால் பட்டியல் விரிந்தது. அதில் கேரளத்து இடுக்கி மாவட்டம் இல்லை. நான் இடுக்கியைத் தேடவே இல்லை என்பதுதான் நிஜம். விரல் தானாகத் தேனிக்குப் போய் நின்றது. மேலே கிடந்த அந்தப் பள்ளிக்கூடம் தேனியில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

அதோடு போச்சா? அந்தப் பள்ளி கொடுத்த சான்றிதழை கௌசி போட்டோ எடுத்து அனுப்பினாள். முத்திரை மலையாளத்தில் இருந்தது. வட்டம் வட்டமான எழுத்து. கண்ணாலே பார்த்தேன். பெரிதாக்கித் தெளிவாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். மேல அப்படித்தானே இருக்கும் என்று நினைத்து ஏற்றிவிட்டேன். கடைசியில், "மேலே சொன்னவை அனைத்தும் உண்மை" என்று ஒரு கட்டம். அதற்கும் டிக்.

"வெரசா முடிச்சுட்டியேண்ணே" என்றாள் பாண்டி. "வெளிய கடையில குடுத்தா ரெண்டு நாளு அலைய விடுவான்."

இதில் என்ன சிக்கல் இருக்கிறது என்று நான் அலட்டிக்கொண்டது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

4

ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவள் பேர் வந்தது. மேலே இருந்து ஏழாவது பேர். ஏழு என்ற எண்ணுக்கே நான் அன்றைக்குக் கும்பிடு போட்டேன், பாருங்கள் கூத்தை.

பாண்டி தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். மேலே தோட்டத்துக்கும் ஜீப்பில் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினாள், கூட வேலை பார்த்தவர்களுக்கு. கௌசி ஒரு வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டாள். காலேஜில் சேர்ந்த பிறகுதானே அதெல்லாம் என்று சொன்னேன். "டெய்லரு அளவு எடுத்துட்டாக மாமா" என்றாள்.

சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். தாயும் மகளும் போடியில் ரயில் ஏறினார்கள். அன்றைக்கு எனக்கு ஆலையில் வேலை ஓடவில்லை. போனை வரைபலகைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாண்டி கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த சாரு ஏழாவது சர்ட்டிபிகேட்டப் பாத்துட்டு அப்படியே வச்சுட்டாரு. இது கேரளான்றாரு."

"எது கேரளா?"

"நம்ம மேலதாண்ணே. மேல இருக்கது கேரளாவாம்."

எனக்கு அப்போதும் வாயில் முதலில் வந்தது, "அவருக்கு நம்ம பக்கம் தெரியாது பாண்டி, வெளக்கிச் சொல்லு" என்பதுதான். சொல்லி முடிப்பதற்குள் அந்த வட்டம் வட்டமான முத்திரை கண்ணில் வந்து நின்றது. உட்கார்ந்துவிட்டேன்.

போனை அந்த அதிகாரியிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. ஸ்பீக்கரில் குரல் மட்டும் கேட்டது. கத்தவில்லை அந்த மனுஷர். "அம்மா, ஒரு வருசம் வெளி மாநிலத்துல படிச்சிருந்தாலும் இந்த ஒதுக்கீடு கெடையாது. நான் ரூலப் போட்டவன் இல்லம்மா. படிச்சுப் பாத்துத்தானே ஆம்னு போட்டிருக்கீங்க?"

"நாங்க படிச்சவுக இல்ல சார். எங்கண்ணன்தான் போட்டுக் குடுத்துச்சு. எங்கண்ணன் ஜெர்மனில இருக்கு" என்றாள் பாண்டி. அந்தக் குரலில் அப்போதும் பெருமை இருந்தது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு அவள் கேட்டது இதுதான். "சார், மேல வெளையிற காயெல்லாம் போடிக்குத்தான் ஏலத்துக்கு வருது. அத எந்த ஊரு காயின்னு யாரும் கேக்குறதில்ல. காயப் பறிச்சவ பிள்ளைய மட்டும் ஏன் சார் கேக்குறீக?"

அவர் அடுத்த பேரைக் கூப்பிடுவது கேட்டது.

5

அடுத்து ஒரு மாதம் நான் மனு எழுதினேன். காலையில் பஸ்சில் உட்கார்ந்து ஒன்று, சாயந்தரம் வந்து ஒன்று. ஒரு எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு எண்ணில் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் இரண்டு வரிப் பதில் வந்தது. தவறான உறுதிமொழி அளித்ததால் விண்ணப்பம் முழுமையாக நிராகரிக்கப்பட்டது, உங்கள் குறை தீர்க்கப்பட்டது. என் குறை தீர்க்கப்பட்டதாம்! அதைப் படித்துவிட்டு மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். ஆதவன் பயந்து உள்ளே போய்விட்டான்.

முழுமையாக என்ற சொல்தான் எனக்குப் பிறகு உறுத்தியது. ஒதுக்கீட்டில் இல்லையென்றால் பொதுவில் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே? அந்தப் பொதுப் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். எங்கள் சாதிப் பிரிவில் கடைசியாக இடம் வாங்கிய பிள்ளையின் மதிப்பெண் கௌசியைவிடக் குறைவு.

ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்தேன். குறைவுதான்.

அதாவது, அன்றைக்கு நான் இல்லை என்று அழுத்தியிருந்தால், ஒதுக்கீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று விட்டிருந்தால், அவள் சொந்த மதிப்பெண்ணில் உள்ளே போயிருப்பாள். அவளைத் தடுத்தது ரூல் இல்லை. மலை இல்லை. கேரளாவும் இல்லை. படித்த மாமன். பாண்டிக்கு இது தெரியாது. ரூல்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "நீ என்னண்ணே செய்வ, நீ எம்புட்டுப் பாடுபட்ட" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். நானும் வாங்கிக்கொள்கிறேன், வெட்கமில்லாமல்.

இதற்கு நடுவில் எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் சுருளிவேல் ஒன்று போட்டான். சுருளி என்னோடு படித்தவன். மேலே அவனுக்குத் தோட்டம் இருக்கிறது. பாண்டி வேலை பார்ப்பதும் அங்கேதான். யாரோ, கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் காலேஜில் இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு இவன் குரல் பதிவு போட்டிருந்தான்.

"எல்லாரும் டாக்டரு, எஞ்சினியருன்னு கெளம்பிட்டா தோட்டத்துல காய் யாருடா எடுக்குறது? மாப்ளே, ஜெர்மனிக்காரரே, ஒங்க வீட்டம்மாவ அனுப்பி வக்கிறீகளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே கூப்பிட்டேன். "சுருளி, ஒம் மக எங்கடா படிக்கிறா?"

"கோயம்புத்தூருல. எதுக்குக் கேக்குற?"

"அவளக் காய் எடுக்கச் சொல்லேன்."

"அது வேற மாப்ளே."

"என்னடா வேற? வெளக்கிச் சொல்லு, கேக்குறேன்."

பிறகு, "கௌசி விசயம் தெரியாமப் போட்டுட்டேன்டா, அழிச்சுர்றேன்" என்றான். அழித்தும் விட்டான். கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

எல்லோரும் கட்டாயம் காலேஜுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போகப் பிடிக்காதவன் போக வேண்டாம். கை வேலையில் கெட்டிக்காரனாக எத்தனை பேரை இந்த ஆலையிலேயே பார்க்கிறேன். ஆனால் எனக்கு வேண்டும் என்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஏன் கதவு திறக்க மாட்டேன் என்கிறது? இங்கே படிப்புக்குக் காசு வாங்க மாட்டார்கள், ஆனால் பத்து வயதிலேயே நீ இந்தப் பக்கம் போ என்று திருப்பிவிடுகிறார்கள். அங்கே பதினெட்டு வயது வரை வா வா என்று கூப்பிட்டுவிட்டு, வாசலில் நிறுத்தி, பன்னிரண்டு வயதில் எங்கே இருந்தாய் என்று கேட்கிறார்கள். எனக்கு இரண்டும் பிடிபடவில்லை. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, பிள்ளை மட்டும் வெளியே நிற்கிறது.

6

நாலு நாள் முன்னால் ஆதவனின் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டிருந்தார். இரண்டு சின்ன நாற்காலிகளில் நானும் மீனாவும், நடுவில் அவன். ஆசிரியை நல்ல மாதிரி. அவனுக்குக் கணக்கு வருகிறது, எழுத்துதான் தடுமாறுகிறது, பல்கலைக்கழகப் பள்ளிக்கு அவனை வருத்த வேண்டாம், எல்லாக் குழந்தையும் பல்கலைக்கழகம் போகத் தேவையில்லையே என்றார். தன் அண்ணன் மின்பணியாளர், சந்தோஷமாக இருக்கிறார் என்று சிரித்தார்.

சுருளியிடம் நான் கேட்ட கேள்விதான் எனக்கு உடனே நாக்கில் வந்தது. உங்கள் மகள் எங்கே படிக்கிறாள் அம்மா? எனக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் போய்விடும். "அதெப்படிங்க! பத்து வயசுல என்னத்தக் கண்டீக? இவன் என்ன மாட்டுச் சந்தையில நிக்கிற கன்னுக்குட்டியா, பல்லப் பாத்துப் பிரிக்க?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

ஆசிரியை ஆதவனைப் பார்த்தார். அவன் ஜெர்மனில் மெதுவாகச் சொன்னான், "அப்பா நன்றி சொல்கிறார். வீட்டில் யோசித்துச் சொல்வாராம்."

வெளியே வந்ததும் என் கையை விட்டுவிட்டுத் தள்ளி நடந்தான். "அப்பா, இங்க அப்படிப் பேச மாட்டாங்க" என்றான். கொஞ்ச தூரம் போய், "நான் என் பிரெண்டு லூக்காஸ் கூட டீச்சர் சொன்ன ஸ்கூலுக்கே போறேன். எனக்குப் பிரச்சினை இல்ல" என்றான். அவனுக்குப் பிரச்சினை இல்லை. எனக்காக ஒரு பொய் சொல்லி என்னைக் காப்பாற்றிய பயல். என்னோடு எவ்வளவு தூரம் வருவான் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு மறுநாள் வந்ததுதான் இந்தத் தாள்.

7

இதுவரை எழுதியது நேற்று ராத்திரி. இன்று ஞாயிற்றுக்கிழமை. பாண்டியிடம் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போன் போட்டேன். இங்கே காலை பத்து மணி, அங்கே மத்தியானம் ஒன்றரை. கௌசி எடுத்தாள். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், ஜீப்புகள் உறுமும் சத்தம்.

"அம்மா எங்கத்தா?"

"சாமான் வாங்கப் போயிருக்கு மாமா. ஒரு வாரத்துக்கு வேணும்ல."

ஊரில் கலைக்கல்லூரிச் சேர்க்கையும் அதற்குள் முடிந்துவிட்டது. அதனால் அவளும் அம்மாவோடு தோட்டத்துக்குப் போகிறாள். ஞாயிறு மத்தியானம் ஏறினால் சனிக்கிழமைதான் இறக்கம். சுருளி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான். "பிள்ளைய மழையில விடல மாப்ளே. ஸ்டோர்ல காய் பிரிக்கத்தான் போட்ருக்கேன்." நான் நன்றி என்று பதில் போட்டேன். நன்றி! வேறு என்ன போடுவது?

"அம்மாட்ட ஒரு விசயம் சொல்லணும்த்தா" என்றேன்.

சத்தத்தை விட்டுத் தள்ளிப் போனாள். பிறகு, குரலை இறக்கி, "அந்தப் பொதுப் பட்டியல் விசயமா மாமா?"

"அது ஒனக்கு எப்படித்தா தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கு அம்மா வெளிய தண்ணி குடிக்கப் போச்சு. அந்த சாரு என்னய மட்டும் கூப்புட்டுச் சொன்னாரு. ஏம்மா, இல்லைன்னு போட்டிருந்தா ஒனக்கு நேராவே கெடச்சிருக்கும், அவசரப்பட்டுட்டீங்களேம்மான்னாரு. அவரு கண்ணு கலங்கிருச்சு மாமா."

மூன்று மாதம். மூன்று மாதமாக இந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாராவாரம், "என்ன மாமா, குளிருதா? ஆதவன் என்ன செய்றான்?" என்று என்னிடம் பேசியிருக்கிறாள்.

"கௌசி... நான்தான்த்தா..."

"விடுங்க மாமா. நானுந்தான பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குந்தான அது கேரளான்னு தோணல." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "அம்மாட்ட சொல்லாதீக. ஒங்கள சாமின்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. அப்பாவும் போயி, எனக்கும் இப்படி ஆயி, அதுக்கு நீங்க ஒருத்தர்தான் மிச்சம். அதையும் எடுத்துறாதீக."

நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்கும். "அந்தக் கோட்டு என்னாச்சு?" என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"டெய்லர்ட்ட கெடக்கு. அடுத்த வருசம் சேர்த்துக்குவாகளா என்னன்னு தெரியல. பாரம் வந்தா..." நிறுத்தினாள். பிறகு ரொம்ப மரியாதையாக, என் மனசு நோகக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "பாரம் வந்தா நானே நெரப்பிக்கிர்றேன் மாமா. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்."

ஹாரன் அடித்தது. தூரத்தில் பாண்டியின் குரல், "ஏய் கௌசி, வெரசா வா, எடம் போயிரும்!"

"ஜீப்பு வந்துருச்சு மாமா. மேல போறேன்."

போனை மேசைமேல் வைத்தேன், அந்தத் தாளுக்குப் பக்கத்தில். ஆதவன் பால் கிண்ணத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தான். என் முகத்தை அவன் சரியாகப் பார்க்கவில்லை.

"கௌசி அக்காவா? எங்க போறாங்க?"

"மேல" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ! ஹோக்ஷூலேயா?"

நான் ஆம் என்று தலையாட்டினேன்.